650 வெள்ளிக்கு ரெண்டே வரி: பிளகின் சரிசெய்யக் கொடுப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

நேற்று ராத்திரிதான் உண்மை தெரிந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட் பக்கம் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் 650 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போடமாட்டேன்.

எங்கள் தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்துச் செம்பனை போட்டபின் ஜனங்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். அவர்களிடம் கெஞ்சி வாங்கிய பழைய படங்களை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்த ஓர் இணையதளத்தில் வைத்திருக்கிறேன். லயம் வாரியாக, ஆண்டு வாரியாக அடுக்கிக் காட்ட ஒரு பிளகின், அதாவது தளத்தோடு சேர்க்கும் சிறு நிரல், 2014இல் தோட்டத்துப் பையன் ஒருவன் எழுதிக் கொடுத்தது. தளத்தைத் தங்கள் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்காரர்கள், வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில் 7.4 பதிப்பை எடுக்கப்போகிறோம், 8க்கு மாறுங்கள் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, 7.4க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டது. மாற்றிப் பார்த்தேன், தளம் படுத்துவிட்டது. பயந்துபோய்ப் பழையபடியே வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரத் தம்பி மடிக்கணினியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ரப்பர் பால் சுமக்கும் காண்டா வாளியோடு ஒரு பாட்டி நிற்கும் படத்தில் விரல் நின்றது. "எங்க பாட்டியும் பால்மரம் வெட்டுனவங்கதான் அண்ணே. இந்த வேலைய நான் காசுக்காகப் பண்ணல" என்றார். தே தாரிக் வேறு வாங்கிக் கொடுத்தார். நான் விழுந்தது அங்கேதான். காசுக்காகப் பண்ணாதவர் முன்பணம் 300 கேட்டபோதாவது யோசித்திருக்க வேண்டாமா? கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் "முடிஞ்சிருச்சு அண்ணே" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி. பிளகின் பக்கத்தில் பதிப்பு எண் 1.3 என்று இருந்தது 2.0 ஆகியிருந்தது. படங்களும் ஒழுங்காக வந்தன, தளம் இன்னும் பழைய 7.4இல்தானே ஓடியது. மீதி 350 அனுப்பினேன். ஆக 650 வெள்ளி. ரசீது கேட்டேன், "நமக்குள்ள எதுக்கு அண்ணே?"

பிறகு ஹோஸ்டிங்காரர்கள் சொன்னபடி 7.4ஐ எடுத்தார்கள், தளம் மறுபடி படுத்தது. அதுகூட எனக்கு உடனே தெரியவில்லை. இப்படிக் கோளாறு வந்தால் வேர்ட்பிரஸே நிர்வாகி மின்னஞ்சலுக்குத் தகவல் அனுப்பும். அந்த முகவரியைத் தம்பி தன்னுடையதாக மாற்றி வைத்திருந்தார்! கோலாலம்பூரிலிருந்து ஓர் அக்காள், "தம்பி, எங்கப்பா படத்தைக் காணோமே" என்று அழைத்தபோது பதினொரு நாள் ஆகியிருந்தது.

கடைக்கு அழைத்தால், முதலில் "ஹோஸ்டிங் பிரச்சினை". மறுநாள் "நான் அவுட்ஸ்டேஷன்". அப்புறம் "வேலையாள்தான் செஞ்சான், அவன் நின்னுட்டான்". கடைசியில் ஒரு குரல் பதிவு: பழைய நிரலுக்கு வாரண்டி கிடையாதாம், இன்னும் 400 வெள்ளி கொடுத்தால் பார்க்கலாமாம். அதன்பிறகு நீல டிக் மட்டும்தான்.

பினாங்கில் வேலை செய்யும் அக்காள் மகள் நேற்று பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "மாமா, ரெண்டு வரிதான் மாறியிருக்கு." ஒன்று பதிப்பு எண். இன்னொன்று பிளகினோடு வரும் குறிப்பான ரீட்மீ கோப்பில் 'டெஸ்டட் அப் டு' என்ற வரி, எந்த வேர்ட்பிரஸ் வரை சோதித்தது என்று சொல்வது. அதில் சும்மா புது எண்ணைப் போட்டிருக்கிறார். உண்மையான கோளாறு 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற பழைய கட்டளை. பிஎச்பி 7.2லேயே வேண்டாம் என்று சொல்லி, 8.0இல் தூக்கிவிட்டார்கள். எங்கள் பிளகினில் அது மூன்றே இடத்தில் இருந்தது. இன்று காலை அவள் பசியாறிவிட்டு உட்கார்ந்தாள், ஒன்பதரைக்கெல்லாம் முடித்துவிட்டாள். 650 வெள்ளி!

எச்சரிக்கை என்று நிறைய எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பதிப்பு எண்ணை நம்பாதீர்கள். புது பிஎச்பியில், தளத்தின் நகலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதுவரை மீதிப் பணம் வேண்டாம். வேலை கொடுக்குமுன் கோப்புகளைப் பிரதி எடுங்கள். நிர்வாகி மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்று இன்றைக்கே பாருங்கள். ரசீது, ரசீது, ரசீது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் மனு போடலாம், வக்கீல் தேவையில்லை. புலனச் செய்திகளை அச்செடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை மனு போடுகிறேன்.