செக் திரும்பி வந்தால் ஸ்டேஷனா, கோர்ட்டா, கவுன்சிலா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்காரர்களுக்குப் பண்டிகை முடிந்த கையோடு வரும் தலைவலி இது. சரக்கு போய்விட்டது. கடைக்காரர் கொடுத்த செக், கணக்கில் பணம் போதவில்லை என்று திரும்பிவிட்டது. அடுத்து எங்கே போவது?

நம்ம ஏரியாவில் பலரும் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். செலவில்லை, எதிராளிக்குக் கொஞ்சம் பயமும் வரும். இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். “அடுத்த மாசம் செட்டில் பண்ணிடறேண்ணா” என்று அவர் எழுதிக் கொடுப்பார். ஆனால் செக் திரும்பியதற்காக மட்டும் போலீஸ் வழக்குப் போட முடியாது. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி வழக்கு. அந்த ‘அடுத்த மாசம்’ வருவதற்குள் உங்கள் கையிலிருக்கும் நல்ல ஆயுதத்தின் கெடு முடிந்துவிடும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அந்த ஆயுதம் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு. பேங்க் தரும் ரிட்டர்ன் மெமோவைப் பத்திரப்படுத்துங்கள். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். உங்கள் கணக்கு தண்டையார்பேட்டை கிளையில் இருந்தால் அந்தப் பகுதிக்கான கோர்ட்டிலேயே போடலாம். கடைக்காரர் ஈரோட்டுக்காரர் என்றாலும் அவர்தான் இங்கே வரவேண்டும். கடனுக்காகத்தான் செக் கொடுக்கப்பட்டது என்று சட்டமே முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லவும் 2018 முதல் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

30 நாள் தவறிவிட்டதா? செக்கின் மூன்று மாத ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி பேங்கில் போடுங்கள். திரும்பினால் 30 நாள் கெடு புதிதாகத் தொடங்கும். செக்கை வாங்கும்போதே யார் கணக்கு, யார் கையெழுத்து என்றும் பாருங்கள். மனைவி கணக்கு செக்கைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படியானால் 138 வழக்கு கையெழுத்துப் போட்ட அந்த அம்மா மேல்தான் நிற்கும். உங்களிடம் சரக்கு எடுத்தவர் வெளியே நிற்பார்.

சிவில் வழக்குக்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு என்பதுதான் அதன் பலம். கோர்ட் கட்டணம் 3 சதவீதம். பில்லும் டெலிவரி சலானும் வைத்து நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கோர்ட் தீர்ப்பாணை (டிக்ரி) கிடைத்தாலும் அதை நிறைவேற்ற இன்னொரு மனு. 138 கைவிட்டுப் போனவர்களுக்கு இது போதும்.

செக்கே இல்லை, பில் மட்டும்தான் என்றால் குறு, சிறு தொழில்களின் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் அரசு கவுன்சில் வழியைச் சொல்வேன். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதக் கணக்கில். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். மற்ற எந்த வழியிலும் இவ்வளவு பிடி கிடையாது. ஆனால் சரக்கு கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்திருக்க வேண்டும். வாங்கி விற்பவர்களுக்கு இது உதவாது. தைப்பவர்கள், லேத் பட்டறைக்காரர்கள் போன்றவர்களுக்குத்தான். பதிவு இலவசம், ஆன்லைனில் ஆதாரும் பான் எண்ணும் போதும். இன்னும் செய்யாதவர்கள் அடுத்த ஆர்டருக்கு முன் செய்துவிடுங்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து பேசாமல் இருக்கும் அக்காக்களுக்கு ஒன்று. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. ரிட்டர்ன் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். முதலில் அதிலுள்ள தேதியைத்தான் கேட்பார்கள்.