எங்கள் ஃபர்னஸும் பத்துக் குளிர்காலங்களும்

கனடாவின் டொராண்டோ நகரில், ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் வீட்டின் நிலவறையில், படிக்கட்டுக்குக் கீழே அந்தச் சாம்பல் நிறத் தகரப் பெட்டி நிற்கிறது. கீழே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், அதன் தலைமேல் ஏசியின் சுருள். இரண்டும் சேர்ந்தால் ஆளுயரம். 2015 அக்டோபரில் பொருத்தினோம். எரிவாயுவில் ஓடுவது, 96 விழுக்காடு திறன் கொண்டது. குளிர்காலத்தில் சூடான காற்றும் கோடையில் குளிர்ந்த காற்றும் ஒரே குழாய்கள் வழியாகத்தான் அறைகளுக்குப் போகின்றன.

வாங்கியபோது நெருப்பை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஆனால் இத்தனை ஆண்டுகளில் நெருப்பால் வந்த தகராறு ஒன்றே ஒன்று. மற்றவையெல்லாம் காற்று போகும் வழியோ தண்ணீர் போகும் வழியோ அடைத்துக்கொண்டதால் வந்தவை. அதனால் செப்டெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலை ஒதுக்கி, இந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுகிறேன்.

இந்தப் புத்தி 2018 ஜனவரி முதல் வாரத்தில் வந்தது. வெளியே மைனஸ் 20க்கும் கீழே. விடியற்காலையில் அம்மா, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து எழுப்பினார். வீட்டுக்குள் 14 டிகிரி. கீழே போய்ப் பார்த்தால், ஃபர்னஸ் கதவின் சிறு கண்ணாடித் துளைக்குள் சிவப்பு விளக்கு மூன்று முறை மினுக்கி நின்றது, மறுபடியும் மூன்று முறை மினுக்கியது. கதவைக் கழற்றினால் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்று மினுக்கல் என்றால் அழுத்தச் சுவிட்ச் என்று அதில் போட்டிருந்தது. அத்தனை நாளும் அப்படி ஒரு தாள் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது.

மதியம் வந்த தொழில்நுட்பர் ஃபர்னஸின் பக்கவாட்டில் இருந்த சிறிய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். பழுப்பு நிறத்தில் சளி போல ஒன்று வழுக்கிக்கொண்டு விழுந்தது. இந்த வகை ஃபர்னஸ் புகையிலிருந்து வெப்பத்தை அவ்வளவு உறிஞ்சிவிடுவதால், புகையில் இருக்கும் நீராவி தண்ணீராகிவிடுகிறது. அது இந்தப் பெட்டி வழியாகத்தான் வடிய வேண்டும். வடியாமல் தேங்கினால் புகை ஒழுங்காக வெளியேறவில்லை என்று சுவிட்ச் கண்டுகொள்கிறது, பற்றவைக்க விடுவதில்லை. பத்து நிமிட வேலைக்கு 180 டாலர். அந்தக் குளிரில் அவர் கேட்டிருந்தால் இன்னும் கொடுத்திருப்பேன். இப்போது ஆண்டுதோறும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பெட்டியை நானே கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுகிறேன். திரும்பப் பூட்டுமுன் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

அடுத்தது வடிகட்டி. நான் செய்த பெரிய முட்டாள்தனமும் இதில்தான். மகளுக்குத் தூசியால் தும்மல் என்று, கடையில் இருந்ததிலேயே நெருக்கமான, மெர்வ் 13 என்று போட்ட ஓர் அங்குல வடிகட்டியை வாங்கிச் செருகினேன். மெர்வ் என்பது எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதற்கான அளவு, எண் கூடினால் நெருக்கம் கூடும். தூசி குறைந்தது உண்மை. ஆனால் சுடர் அடிக்கடி தானே அணைந்தது, விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போதிய காற்றை இழுக்க முடியாமல் உள்ளே சூடு ஏறி, பாதுகாப்புச் சுவிட்ச் சுடரை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறது. 2019இல் நான்கு அங்குல வடிகட்டி பிடிக்கும் அகலமான கூடு போட்டோம். அதில் மெர்வ் 11 செருகுகிறேன். பரப்பு அதிகம் என்பதால் காற்றுக்குத் தடையில்லை. இந்த ஃபர்னஸுக்குச் செய்த செலவிலேயே மனம் நிறைந்த செலவு இது. ஆறு மாதம் உழைக்கும் என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நான்கு மாதம்தான். வாரம் இரண்டு முறை மீன் பொரிக்கும் வீட்டை நினைத்து அந்த அட்டையை யாரும் எழுதவில்லை. மிளகாய்த்தூளுக்கு வறுப்பது மட்டும் காராஜில். அதை உள்ளே வைத்துக்கொண்டால் வடிகட்டி என்ன, அயலவர்களே தாங்க மாட்டார்கள்.

வெளிச்சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று காற்றை இழுக்கும், மற்றது புகையை விடும். இலையோ சிலந்தி வலையோ இருந்தால் செப்டெம்பரிலேயே எடுத்துவிடுவேன். பெரும்பனி கொட்டிய மறுநாள் வாகனப் பாதையைத் தோண்டுவதற்கு முன் முதலில் இந்தக் குழாய்களைச் சுற்றித்தான் தோண்டுவேன். இதில் மட்டும் அசட்டை கூடாது. 2008இல் இந்த மாகாணத்தின் வூட்ஸ்டாக் நகரில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பமே கார்பன் மோனாக்சைடால் இறந்துபோனது. அவர்கள் பெயரால் 2013இல் சட்டம் நிறைவேறியது. அதன் பிறகுதான் படுக்கையறைகளுக்கு அருகே அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்டாரியோ வீடுகளில் கட்டாயமானது.

ஏசியின் வெளிப்பெட்டியை முதல் ஆண்டு பெரிய தார்ப்பாலினால் சுற்றிக் கயிறு கட்டினேன். மே மாதம் அவிழ்த்தபோது உள்ளே எலிக் குடும்பம் ஒன்று சுகமாகக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போயிருந்தது. இரண்டு வயர்களைக் கடித்திருந்தன. இப்போது சுற்றிலும் திறந்தே விட்டு, மேலே மட்டும் ஒரு பலகையை வைத்து அதன்மேல் செங்கல் ஏற்றிவிடுகிறேன். பிரேக்கரை அணைக்க மறப்பதில்லை.

ஈரப்பதமூட்டி எங்களுக்கு அரைகுறைத் திருப்திதான். ஆண்டுக்கு ஒருமுறை அதன் தகட்டை மாற்றி, தண்ணீர்க் குழாயைத் திறந்து, பக்கத்துக் கைப்பிடியைக் குளிர்காலப் பக்கம் திருப்ப வேண்டும். மூக்கில் இரத்தம் வருவது நின்றது. ஆனால் வெளியே மைனஸ் 20 ஆகும்போது 25 விழுக்காட்டுக்கு மேல் வைத்தால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அழத் தொடங்கிவிடும்.

நிலவறைக் கூரையில் ஓடும் காற்றுக் குழாய்களிலும் சின்னக் கைப்பிடிகள் உண்டு. கோடையில் குளிர்காற்று மாடிக்கு அதிகம் போக வேண்டும், குளிர்காலத்தில் கீழ்த்தளத்துக்கு. ஒவ்வோர் ஆண்டும் எது எந்தப் பக்கம் என்று குழம்பியதால், குழாயிலேயே மார்க்கரால் 'கோ' என்றும் 'கு' என்றும் எழுதிவைத்தேன். வந்த தொழில்நுட்பர் ஒருவர் அதை உற்றுப் பார்த்து, இது என்ன குறியீடு என்று கேட்டார்.

நெருப்பின் தகராறு என்றேனே, அது சுடரை உணரும் கம்பி. பென்சிலைவிட மெல்லியது. அதில் படலம் படிந்தால், சுடர் எரிந்துகொண்டிருந்தும் இயந்திரத்துக்குத் தெரியாது. சில நொடிகளில் எரிவாயுவை மூடிவிடும். எரிவாயு தொடர்பான எதிலும் நான் கை வைப்பதில்லை. அதற்கு உரிமம் பெற்றவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார்.

உரிமம் பெற்றவர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2016 இலையுதிர் காலத்தில் கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் கதவைத் தட்டினார். இலவசப் பரிசோதனை என்று உள்ளே வந்து, ஒரு வயது நிரம்பிய ஃபர்னஸை ஆபத்து என்று சொல்லி, மாமாவிடம் மாதவாடகை ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார். மாமா மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் வேலையிலிருந்து திரும்பியதால் தப்பித்தோம். கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்பது 2018 மார்ச் முதல் இங்கே சட்டப்படி தடை. இப்போது தொலைபேசியில் வருகிறார்கள்.

கடைசி வேலை, ஜன்னல்களைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் ஃபர்னஸை ஓடவிடுவது. கோடை முழுதும் படிந்த தூசி கருகும் வாடை முதல் சில நிமிடங்களுக்கு வரும். அம்மா இன்னமும் அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிறது என்று எழுந்து ஓடுகிறார். இந்த முறை அந்த இடைவெளியில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றி, பின்புறத் தேதியைப் பார்த்தேன். ஆயுள் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.