காந்தி டாகுமெண்டரி: ஊர் தியேட்டரா, யூடியூபா?
அக்டோபர் 2 அன்னைக்கு எங்க ஊர் சின்ன தியேட்டர்ல காலைல ஒரு ஷோ காந்தி டாகுமெண்டரி போடுறாங்க, "அதான் ஃபோன்லயே ஃப்ரீயா இருக்கேண்ணா"ன்னு தம்பி கேட்டான், ரெண்டுலயும் பாத்தவன்ங்கறதால சொல்றேன்.

காசு: ஃபோன்ல டேட்டா மட்டும்தான். தியேட்டர்னா டிக்கெட்டு, பஸ் சார்ஜ்.

நேரம்: 1968ல வந்த 'மகாத்மா' அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓடும், வீட்லன்னா விட்டு விட்டு பாக்கலாம்.

சவுண்டு: தியேட்டர்ல ஃபேன் சத்தத்துல கமெண்ட்ரி பாதி கேக்காது, ஹெட்போன்தான் பெஸ்ட்.

படம்: இங்கதான் தியேட்டர். 1930 தண்டி யாத்திரை ஃபோன்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், திரைல பாத்தா அவர் நடக்குற வேகமே ஒரு மாதிரி பண்ணிடும். 1948 இறுதி ஊர்வலம் வந்தப்ப பக்கத்து சீட் தாத்தா செருப்ப கழட்டி வச்சிட்டு எழுந்து நின்னுட்டாரு, அவரப் பாத்து அந்த வரிசையே நின்னுச்சு, இப்ப நெனச்சாலும் தொண்டை அடைக்குது. ஏ.கே. செட்டியார் 1940லயே தமிழ்ல காந்தி டாகுமெண்டரி எடுத்து தியேட்டர்ல காட்டினதும் இதுக்குத்தானேன்னு தோணுச்சு.

பரீட்சைக்கு நோட்ஸ் எடுக்கணும்னா யூடியூப் போதும். வீட்ல குழந்தைங்க, பெரியவங்க இருந்தா கண்டிப்பா தியேட்டருக்கு கூட்டிட்டு போங்க.