என்எஃப்எல் கேம் பாஸ்: ஐந்து லைன்மேன்களையும் காட்டும் அந்தக் கேமராவுக்காகவே பணம் கட்டலாம்

பிலடெல்ஃபியாவில் நர்சாக வேலை பார்க்கும் அக்கா வீட்டில் 2017 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் தங்கியிருந்தேன். அத்தான் அமெரிக்கக் கால்பந்தில் அந்த ஊர் அணியான ஈகிள்ஸின் தீவிர ரசிகர். 2018 பிப்ரவரி 4 அன்று ஈகிள்ஸ் 41-33 என்று பேட்ரியாட்ஸை வென்று தன் முதல் சூப்பர் பௌலை, அதாவது அந்த விளையாட்டின் இறுதிப் போட்டிக் கோப்பையை, தூக்கிய இரவு, நடுங்கும் குளிரில் தெருவுக்கு வந்து முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு குளச்சலில் இருந்துகொண்டு அந்த விளையாட்டை எப்படித் தொடர்வது என்று தேடியபோது கிடைத்ததுதான், அந்த லீகின் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் என்எஃப்எல் கேம் பாஸ். 2020 சீசனிலிருந்து வருடம் தவறாமல் பணம் கட்டிப் பார்க்கிறேன். 2023இல் அது டாஸோன் செயலிக்குள் வந்தது. நேரலை, முழு ஆட்டத்தின் மறுபார்வை, இடைவெளிகளை வெட்டி 40 நிமிடத்துக்குள் சுருக்கிய ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை எல்லா மைதானத்துக்கும் தாவித் தாவிப் போகும் ரெட் ஸோன் எல்லாம் உண்டு. அவற்றைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது கோச்சஸ் ஃபிலிம் என்ற ஒரே ஒரு வசதியைப் பற்றி.

டிவி ஒளிபரப்பில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கையில் பந்து வந்ததும் நம் கண்ணும் அவர் மேல்தான். அவருக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கும் ஐந்து லைன்மேன்கள் (சேர்த்துச் சொன்னால் லைன்), அதாவது நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள், வெறும் சட்டைக் கூட்டமாகத்தான் தெரிவார்கள். குவார்ட்டர்பேக் பந்தோடு விழுந்தால், அதாவது சேக் ஆனால், வர்ணனையாளர் உடனே ஒரு டேக்கிளின் பெயரைச் சொல்வார். நாமும் திட்டுவோம்.

கோச்சஸ் ஃபிலிமில் களத்தின் 22 பேரும் ஒரே சட்டத்துக்குள் வருவார்கள். அதனால்தான் அதற்கு ஆல் 22 என்று பெயர். வர்ணனை கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒவ்வொரு ப்ளேயையும், அதாவது பந்து கிளம்பி நிற்கும்வரையிலான ஒரு சின்ன ஆட்டத்தையும், முதலில் பக்கவாட்டு உயரத்திலிருந்தும், அப்புறம் களத்தின் கடைக்கோடியான எண்ட் ஸோன் பக்கத்திலிருந்தும் காட்டுவார்கள். எனக்கு உயிர் அந்த இரண்டாவது கோணம்தான். ஐந்து பேரின் காலும் இடுப்பும் கையும் தெளிவாகத் தெரியும்.

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். கபடிக்கும் வடம் இழுத்தலுக்கும் பிள்ளைகளைத் தயார்செய்கிறேன். அப்பா கரமடி வலை இழுத்தவர். கரையில் இரண்டு பக்கமாக ஆட்கள் நின்று கயிற்றை இழுக்கும்போது, எப்போது தம் பிடிப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது, எப்போது இரண்டு வரிசையும் நெருங்கி நடப்பது என்று ஒரு மூத்தவர் சத்தம் கொடுப்பார். பல வருடம் அந்த மூத்தவர் அப்பாதான். ஒருநாள் ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து எண்ட் ஸோன் கோணத்தைப் பார்த்தார். பத்து ப்ளே போயிருக்கும். “மக்கா, இவன்மாருக்குத் தோள்ல குறை இல்ல. நீவாடு பாக்காம இழுக்கச் சொல்லுதான் ஒருத்தன்” என்றார். நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். விளையாட்டின் விதி எதுவும் தெரியாத மனிதர். அடுத்து என்ன ஆட்டம் என்று முடிவு செய்து சொல்லும் ப்ளே காலருக்கும் லைனுக்கும் உள்ள உறவை நான் இரண்டு வருடம் படித்துப் புரிந்துகொண்டேன், அவர் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ரன் ஆட்டம் என்றால் லைன்மேன் முன்னே பாய்வார், அடிப்பது அவர். பந்தை எறியும் பாஸ் ஆட்டம் என்றால் பின்வாங்கிக்கொண்டே தடுக்க வேண்டும், அடி வாங்குவது அவர். எதிரணியின் முன்வரிசையில் நிற்கும் நால்வருக்கும் ‘அடுத்தது பாஸ்தான்’ என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ரன்னைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு நேராகக் குவார்ட்டர்பேக்கை நோக்கி ஓடிவருவார்கள். எவ்வளவு பெரிய டேக்கிளுக்கும் அது கஷ்டகாலம். ப்ளே காலர் கையில் மருந்து இருக்கிறது. குவார்ட்டர்பேக் மூன்றே காலடி பின்வாங்கி உடனே எறிவது ஒன்று. ரன் போல நடித்து எறிவது ஒன்று. பாய்ந்து வருபவர்களை வேண்டுமென்றே உள்ளே விட்டு, அவர்கள் தலைக்கு மேலே குட்டையாக எறியும் ஸ்க்ரீன் ஒன்று. பந்தை வாங்கப் போகும் டைட் எண்டோ ரன்னிங் பேக்கோ வெளியே ஓடுமுன் ஓரத்து எதிராளியை ஒரு இடி இடித்துவிட்டுப் போகும் சிப் ஒன்று. பந்து கிளம்பும் சத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதுகூட எதிராளியின் முதல் அடியை அரை நொடி தயங்கவைக்கும். அரை நொடி என்றால் இந்த விளையாட்டில் பெரிய சொத்து. ஈஎஸ்பிஎன் லைன்மேன்களை அளக்கும் கணக்கில் இரண்டரை நொடி தாக்குப்பிடித்தாலே அது வெற்றி.

இதைக் கண்ணால் பார்க்க இரண்டு சூப்பர் பௌல்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ், அதே பயிற்சியாளர் ஆண்டி ரீட், அதே குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ்.

முதலாவது 2021 பிப்ரவரி 7, டாம்பா பே 31-9 என்று வென்ற ஆட்டம். சீஃப்ஸின் வழக்கமான இரண்டு டேக்கிள்களும், எரிக் ஃபிஷரும் மிட்செல் ஷ்வார்ட்ஸும், காயத்தால் வெளியே. ஓரங்களில் நின்றவர்கள் மாற்று ஆட்கள். மஹோம்ஸ் மீது 29 முறை நெருக்கடி வந்தது. சூப்பர் பௌலில் அதுவரை யாருக்கும் அவ்வளவு வந்ததில்லை. மறுநாள் எல்லோரும் லைனைத்தான் திட்டினார்கள். நானும்தான். பிறகு எண்ட் ஸோன் கோணத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறு கதை. டாம்பா அதிகம் ஆள் சேர்த்து அனுப்பவே இல்லை, பெரும்பாலும் நால்வர்தான். அந்த மாற்று டேக்கிள்கள் அதிகம் உதவியில்லாமல் தனியாகவே நிற்கிறார்கள். பந்து போக வேண்டிய இடமோ தூரத்தில். இத்தனைக்கும் ரன் ஓடாமல் இல்லை. கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 9 முறை ஓடி 64 யார்டு எடுத்தார், முறைக்கு ஏழுக்கு மேல். அந்த மனிதரிடம் பந்தை இன்னும் பத்துத் தடவை கொடுத்திருந்தால் அந்த நால்வரின் மூச்சு வாங்கியிருக்கும். மஹோம்ஸ் எறிந்தது 49 முறை. அந்த டேக்கிள்களை நினைத்து எனக்கு மனசு கனத்துப் போனது.

இரண்டாவது 2023 பிப்ரவரி 12. ஈகிள்ஸ் ரசிகனாக எனக்கு இன்னும் வலிக்கும் ஆட்டம், 38-35 என்று தோற்றோம். அந்த சீசனில் எங்கள் தற்காப்பு 70 சேக் எடுத்திருந்தது. அன்று ஒன்றுகூட இல்லை, பூஜ்ஜியம். சீஃப்ஸ் லைனைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள், ஜோ துனி, கிரீட் ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித் எல்லாம் நல்ல ஆட்கள், அது உண்மை. ஆனால் அழைப்புகளைப் பாருங்கள். பாதி ஆட்டத்தில் 24-14 என்று பின்தங்கியும் ரன்னைக் கைவிடவில்லை, இசையா பச்சேகோ 15 முறை ஓடி 76 யார்டு எடுத்தார். மஹோம்ஸ் எறிந்தது வெறும் 27 முறை. நான்காவது கால்பகுதியில் இரண்டு டச் டவுன்கள், அதாவது பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது, இரண்டிலும் ஒரே தந்திரம். பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் உள்பக்கமாக நகர்வது போல வந்து சட்டென்று திரும்பி வெளியே ஓடுகிறார், கூடவே யாரும் இல்லை, பந்து உடனே கையை விட்டுப் போகிறது. அந்த இரண்டிலும் லைன்மேன்கள் சும்மா நின்றிருந்தாலும் போதும். தோற்ற பக்கத்தில் இருந்துகொண்டு சொல்கிறேன், அழகான வேலை.

ப்ளே காலர் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2025 பிப்ரவரியில் அதே சீஃப்ஸை ஈகிள்ஸ் 40-22 என்று வென்றபோது, கார்டான துனி இடது டேக்கிளாக நிற்க வேண்டியிருந்தது. எங்கள் தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ ஒருமுறைகூட கூடுதல் ஆள் அனுப்பவில்லை, ஆனாலும் 6 சேக். பாதி ஆட்டத்தில் 24-0. அதற்குப் பிறகு ரன்னை எங்கே அழைப்பது? ஸ்கோரே ப்ளே காலரின் கையைக் கட்டிவிட்டது.

சின்சினாட்டி அணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஜனவரியில் டென்னசிக்கு எதிரே அவர்களின் குவார்ட்டர்பேக் ஜோ பரோ 9 முறை சேக் ஆகியும் 19-16 என்று வென்றார்கள். அதற்கடுத்த மாதம் ராம்ஸுக்கு எதிரான சூப்பர் பௌலில் இன்னும் 7. கடைசியில் ஒரே ஒரு யார்டு தேவைப்பட்ட, கடைசி வாய்ப்பான நான்காவது டவுனில் பாஸ் அழைத்தார்கள், ராம்ஸின் ஆரன் டொனால்ட் பாய்ந்து வந்து கதையை முடித்தார். ஒரு யார்டு வேண்டுமென்றால் எங்கள் ஈகிள்ஸ் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து மொத்தமாகத் தள்ளுவார்கள். லைன் முன்னே போகும் ஆட்டம் அது. வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

சரி, வாங்க நினைப்பவர்களுக்கு. நேரம்தான் முதல் விஷயம். ஞாயிறு முதல் சுற்று ஆட்டங்கள் நமக்கு இரவு 10:30, நவம்பரில் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றிய பிறகு 11:30. இரவு ஆட்டம் திங்கள் விடியற்காலை. சூப்பர் பௌல் காலை 5 மணிக்கு, கட்டன் சாயாவோடு பார்க்க அருமையான நேரம். வேலைக்குப் போகிறவர்கள் சுருக்கிய ஆட்டத்தையே நம்பலாம், ஆனால் முடிவு தெரியாமல் பார்க்க அதுவரை போனைத் தொடாமல் இருக்க வேண்டும். தமிழ் வர்ணனை கிடையாது. கோச்சஸ் ஃபிலிமுக்கு அது தேவையும் இல்லை, அதனால்தான் அப்பாவால் பார்க்க முடிகிறது. போனில் பார்த்தால் லைன்மேன் எறும்பு அளவுக்குத்தான் இருப்பார், டிவியிலோ மடிக்கணினியிலோ போடுங்கள். நல்ல இணைப்பு கட்டாயம். 2025 சூப்பர் பௌல் காலையில் இரண்டாவது கால்பகுதியில் என் வீட்டுக் கம்பி இணைப்பு அறுந்துபோனது, அதைத் தரும் ஆட்களுக்குப் போன் செய்தால் எடுப்பார் இல்லை. மீதி ஆட்டத்தைப் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு டேட்டா பேக்கைத் தயாராக வைத்திருக்கிறேன்.

விளையாட்டை இப்போதுதான் பழகுகிறவர்கள் முழு சீசனுக்குக் கட்ட வேண்டாம். ஒரு மாதம் நேரலையும் ரெட் ஸோனும் பாருங்கள், பிடித்தால் அப்புறம் யோசிக்கலாம். கபடி, வடம், வள்ளம் என்று சேர்ந்து உடம்பைக் கொடுக்கும் எதையாவது ஆடிய, பழக்கிய ஆட்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன், கட்டுங்கள். என் பள்ளி வடம் அணிக்கு இந்த ஃபிலிமை இரண்டு முறை போட்டுக் காட்டினேன். சத்தம் கொடுக்கும் பையனை மாற்றினோம், இழுப்பவர்களை மாற்றவில்லை, போன முறை தோற்ற அணியை இந்த முறை வென்றோம்.

அடுத்த சீசனுக்கும் நான் கட்டப்போகிறேன். போன ஞாயிறு கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதைச் சொன்னேன். ஈகிள்ஸின் இடது டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா, சிட்னியில் ரக்பி ஆடிக்கொண்டிருந்து 2018இல் ஏழாவது சுற்றில் தேர்வானவர், அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தவர். கையைக் கழுவிவிட்டு வந்து அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்த ஆஸ்திரேலியாக்காரப் பய இந்த வருஷமும் நிக்கானா மக்கா?”