மூடியைத் திறக்காமலிருக்கப் பழகிய ஆறு வருடங்கள்

கெட்டில் வகைக் கரி அடுப்பு ஒன்றை வாங்கி ஆறு வருடமாகிறது. 57 செ.மீ. விட்டம், மூன்று கால், மேலே கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி. முதல் வருடம் முழுக்க அந்த மூடியை மழைக்குத்தான் போட்டேன். கோழிக்கால் வெளியே கரிந்து எலும்போரம் இரத்தம் கசியும்போதெல்லாம் கரியைத் திட்டுவேன். கரி பாவம்.

இந்த அடுப்பு உருவானதே மூடிக்காகத்தான். திறந்த அடுப்பில் சமைத்துச் சலித்துப்போன அமெரிக்கர் ஜார்ஜ் ஸ்டீபன், தான் வேலை பார்த்த பட்டறையில் கடல் மிதவைக்கான உலோக அரைக்கோளத்தை எடுத்து 1952இல் செய்தது இது. மூடினால் சூடு சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் வேக வைக்கும். காற்று அளவாகப் போவதால், சொட்டும் கொழுப்பு குபீரென்று பற்றிக்கொள்வதும் குறையும். எட்டிப் பார்க்க ஆசைப்பட்டுத் திறந்தால் சூடு வெளியேறும், காற்று உள்ளே பாயும், கங்கு சீறும். அந்த ஆசையை அடக்கத்தான் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

மேல் காற்றுத்துளையை எப்போதும் திறந்தே வைக்கிறேன். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்த்துளை வழியாகத்தான். கரியை ஒரு பக்கம் குவித்து, கோழியை மறுபக்கம் வைத்து, மேல் துளை கோழிக்கு நேர் மேலே வரும்படி மூடினால் புகை அதைத் தடவிக்கொண்டு வெளியேறும். முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு நிமிடம் கங்கின் மேல் புரட்டினால் தோல் மொறுமொறுப்பாகிவிடும். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்ததா என்று குத்திப் பார்க்கும் வெப்பமானியைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை. மூடியில் பதித்த மானி மூடியின் சூட்டைத்தான் சொல்கிறது. உணவு இருப்பதோ கம்பித்தட்டில்.

பற்ற வைக்க முதலில் எரிதிரவம் ஊற்றினேன். சோளக்கதிர்கூட மண்ணெண்ணெய் மாதிரி மணத்தது. பிறகு வாங்கியது தகரப் புகைபோக்கி: அடியில் கசக்கிய காகிதம், மேலே கரி, இருபது நிமிடத்தில் மேல் கரியும் நீறு பூத்துவிடும். அடுப்புக்கு அடுத்தபடியாக உருப்படியான செலவு இதுதான். நீண்ட நேர வேலைக்குப் பிரிக்கெட், அதாவது கரித்தூளை அழுத்திச் செய்த வில்லை. மீன், காய்கறி மாதிரிச் சட்டென்று முடிவதற்குக் கட்டிக்கரி, அதாவது தூளாக்காத மரத்துண்டுக் கரி. கட்டிக்கரி சூடு அதிகம், சாம்பல் குறைவு, ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும்.

தேய்மானக் கணக்கு: எனாமல் பூச்சு இன்னும் பளபளப்பு. கம்பித்தட்டு இரண்டாவது ஓடுகிறது. சாம்பல் தட்டு நான்காம் வருடம் துருவேறி ஓட்டையானது, முழுக்க என் சோம்பேறித்தனம். சாம்பல் ஈரத்தை இழுத்துப் பிடித்து உலோகத்தை அரிக்கும். அள்ளாமல் மழைக்காலம் முழுக்க விட்டிருந்தேன். அதற்குப் பரிகாரமாக, சமைத்த மறுநாளே அள்ளப்போய் ஒரு பிளாஸ்டிக் வாளியை உருக்கினேன். அடியில் கங்கு கண்மூடிக் கிடந்திருக்கிறது. இப்போது இரண்டு நாள் ஆறவிட்டு, உலோக வாளியில்தான் அள்ளுகிறேன்.

கம்பித் தூரிகையையும் தூக்கிப்போட்டாயிற்று. உதிர்ந்த கம்பி ஒன்று தட்டில் ஒட்டிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன்; வயிற்றுக்குள் போயிருந்தால் அறுவை சிகிச்சை வரை இழுத்திருக்கும். கசக்கிய அலுமினியத் தாளை இடுக்கியில் பிடித்துச் சூட்டோடு தேய்த்தாலே போதும்.

மழை வந்தாலும் அடுப்பைக் கூரைக்குள் இழுக்காதீர்கள். அணைந்த மாதிரி தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

பசித்ததும் சமைக்க நினைப்பவருக்கு இது ஆகாது. முதல் துண்டு தட்டுக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். எரிவாயு கிரில் வைத்திருக்கும் நண்பர்கள் அதற்குள் சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிவிடுவார்கள். நான் மேலும் கீழும் துளைகளை அடைத்து கரியை அணைத்துக்கொண்டிருப்பேன். மிஞ்சியதில் பாதியாவது அடுத்த முறைக்கு ஆகும். சாம்பலை உதறிவிட்டுப் புதுக்கரியோடு கலந்தால் சீக்கிரமும் பற்றிக்கொள்கிறது.