தரை நனையாமல் காயில் மாற்றிய மெக்கானிக்

ஹீட்டர் சத்தம் போடுகிறது என்று யாரையாவது கூப்பிடப் போகிறீர்களா? அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த கதைதான், சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

எங்களுடையது சுவரில் நிற்கிற 25 லிட்டர் ஹீட்டர். சுவிட்சைப் போட்டு ஐந்து நிமிடத்தில், ஜல்லிக்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்கினாற்போல உள்ளே கடகடவென்று சத்தம். தண்ணீர் சூடாகும், ஆனால் முன்னைவிட மெதுவாக. கூடவே குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டம்' என்று ஓர் இடி. இரண்டும் ஒரே கோளாறு என்று நானே முடிவுகட்டி, வந்த மெக்கானிக்கிடம் அப்படியே சொல்லியும் வைத்தேன். அவர் டாங்க்கில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "காயில் போயிடுச்சு சார், இப்படியே ஓட்டினா வெடிச்சிடும்" என்றார்.

தண்ணீரைச் சூடாக்குகிற காயிலே போயிருந்தால் தண்ணீர் எப்படிச் சூடாகிறது? கேட்டிருக்க வேண்டும். வெடிக்கும் என்று ஒருவர் சொன்ன பிறகு யாருக்கு மூளை வேலை செய்கிறது!

இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. கருகிப்போன ஒரு காயிலைக் காட்டி, இதுதான் உங்களுடையது என்றார். காயில், சூடு ஏறியதும் கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் இரண்டுக்கும் காசு வாங்கினார். கீழே சேஃப்டி வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறதே என்றதற்கு, அதன் வாயில் ஒரு பிளக்கைத் திருகி அடைத்துவிட்டு, "இது ஃப்ரீ சார்" என்றார்.

மறுநாள் அதே கடகட. போன் செய்தேன். "காயில் புதுசு சார், உங்க தண்ணி சரியில்லை." அதன்பின் போனை எடுக்கவே இல்லை.

இரண்டாவதாக வந்தவர் வயதானவர், அதிகம் பேசாதவர். அந்த பிளக்கைப் பார்த்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட்டார். தண்ணீர் சூடாகும்போது விரியும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனாலே 25 லிட்டருக்குச் சுமார் 350 மில்லி கூடும். அது சொட்டி வெளியேறத்தான் அந்த வால்வு இருக்கிறது. தெர்மோஸ்டாட் மட்டும் ஒருநாள் கரண்டை நிறுத்தாமல் விட்டிருந்தால், முதலாமவர் சொன்ன வெடிப்பு அவர் புண்ணியத்திலேயே நடந்திருக்கலாம்.

அப்புறம் டாங்க்கைக் காலி செய்தார். வாளி வாளியாக வந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் ஹீட்டரில் காயில் அடிப்பக்கத்துத் தட்டில் இருக்கிறது, தண்ணீரை வடிக்காமல் அதைக் கழற்றவே முடியாது. முதலாமவர் வந்த அன்று தரை ஈரமாகவே இல்லை. காட்டிய காயிலும் காய்ந்துபோய்த்தான் இருந்தது. தட்டைத் திறந்து பார்த்தால் போல்ட்டுகளில் பழைய துரு அப்படியே, தண்ணீர் கசியாமல் தடுக்கிற ரப்பர் கேஸ்கெட்டும் பழையது. காயில்மேல் விரல் தடிமனுக்கு வெள்ளைப் படிவு. டாங்க் அடியில் முட்டை ஓடு போல இரண்டு கை நிறையச் சில்லுகள்.

சத்தத்துக்குக் காரணம் அதுதான். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு ஏற ஏறக் காயிலில் படிகிறது. படிவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர் கொதித்து, குமிழ் குமிழாக உடைவதுதான் அந்தக் கடகட. காயிலின் மின்தடையை ஓம் மீட்டரில் பார்த்தார், 26 ஓம் சொச்சம் காட்டியது; 230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் காயிலுக்கு அதுதான் சரியான அளவு. சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, அதே காயிலையே திருப்பிப் போட்டார். கேஸ்கெட்டும், டாங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காக்கிற, உள்ளே வெறும் கம்பியாகத் தேய்ந்திருந்த மெக்னீசியம் ராடும் மட்டும் புதுசு. 75-இல் இருந்த தெர்மோஸ்டாட்டை 60-க்கு இறக்கினார். டாங்க் நிரம்பி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை சுவிட்சைத் தொடவிடவில்லை, காலி டாங்க்கில் போட்டால் காயில் நிஜமாகவே போய்விடுமாம்.

அந்த 'டம்'முக்கும் ஹீட்டருக்கும் சம்பந்தமே இல்லை. ஓடுகிற தண்ணீர் சட்டென்று நிற்கும்போது குழாய் அதிர்ந்து சுவரில் மோதுகிறது, கிளாம்ப் ஒன்று கழன்றிருந்தது. ரப்பர் வைத்து இறுக்கினார், பத்து நிமிட வேலை.

உங்கள் வீட்டில் காயில் மாற்றினால் பக்கத்திலேயே நில்லுங்கள். வாளி கேட்கிறாரா என்று பாருங்கள். கழற்றிய காயில் சொட்டச் சொட்ட உங்கள் கைக்கு வரவேண்டும். வால்வு வாயை யார் அடைக்க வந்தாலும், ஃப்ரீயாகவே செய்தாலும், விடாதீர்கள்.