நூறு சதவீதம் இறங்கிய பிறகு வரும் பிழை: டவுன்லோட் மேனேஜர்களோடு ஆறு வருடம்

ஆறு வருடமாகப் பெரிய கோப்புகளை இறக்குவது என் வேலையில் ஒரு பகுதி. பெரும்பாலும் லினக்ஸ் ஐஎஸ்ஓ (லினக்ஸை நிறுவ உதவும் ஒற்றைக் கோப்பு), சில சமயம் பேக்கப் படிமங்கள். இத்தனை நாளில் என்னை அதிகம் அலைக்கழித்தது இணைய வேகம் அல்ல, கோப்பு போய் உட்காரும் டிரைவ்தான்.

முதல் அடி ஒரு 6 ஜிபி ஐஎஸ்ஓவில் விழுந்தது. எக்ஸ்டெர்னல் டிரைவில் 200 ஜிபிக்கு மேல் காலி இருந்தது. இரவில் ஒரு டவுன்லோட் மேனேஜரில் (பெரிய கோப்புகளை இறக்கித் தரும் மென்பொருள்) போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பட்டை 100% காட்டுகிறது, கீழே ‘போதிய இடம் இல்லை’ என்று ஒரு வரி. மறுநாளும் அதே கதை. போல்டரைத் திறந்தால் 3.99 ஜிபியில் நின்றுபோன கோப்பு.

அந்த மேனேஜர் கோப்பை எட்டுத் துண்டாகப் பிரித்து, சி டிரைவின் தற்காலிக போல்டரில் சேமித்து, கடைசியில்தான் ஒட்டும். துண்டு ஒவ்வொன்றும் சுமார் 750 எம்பி என்பதால் இறங்கும்போது சிக்கலே தெரியவில்லை. ஒட்டும் இடமான எக்ஸ்டெர்னல் டிரைவோ ஃபேட்32, அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு பழைய முறை. 1996-ல் விண்டோஸ் 95-ன் திருத்தப் பதிப்போடு வந்த இந்த முறையில் கோப்பின் அளவை எழுத 32 பிட்தான் உண்டு. 4,294,967,295 பைட்டுக்கு மேல் ஒரு பைட்கூட ஏறாது, டிரைவ் எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி.

அதன்பின் ஏரியா2 என்ற டவுன்லோட் மேனேஜருக்கு மாறினேன், நாலு வருடமாக அதுதான். இது முழு அளவுக்கும் முதலிலேயே இடம் பிடித்துவிடும். டிரைவ் தாங்காது என்றால் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மெதுவான டிரைவில் இப்படி இடம் பிடிக்கவே நேரமாகும். டிரைவ் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் முறை), எக்ஸ்ட்4 (லினக்ஸின் முறை) என்றால் ‘ஃபால்லாக்’ என்ற அமைப்பை வையுங்கள், நொடியில் முடிகிறது. ஃபேட்32-ல் அதை வைக்காதீர்கள், இடம் பிடித்து முடியும்வரை மேனேஜரே உறைந்து நிற்கும்.

இறங்கும்போது பக்கத்திலேயே ‘.ஏரியா2’ என்ற பின்னொட்டோடு ஒரு சின்னக் கோப்பு இருக்கும். எந்தத் துண்டு வந்தது, எது பாக்கி என்ற கணக்கெல்லாம் அதில்தான். அதை அழித்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. சர்வரும் பகுதி பகுதியாகத் தர ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாத சர்வரில் எந்த மேனேஜரும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

டிரைவை என்ன செய்தேன்? விண்டோஸின் ‘கன்வர்ட்’ கட்டளை, உள்ளிருப்பதை அழிக்காமலே ஃபேட்32-ஐ என்டிஎஃப்எஸ் ஆக்கும். ஆனால் என் டிரைவ் மேக்கிலும் எழுத வேண்டியது, மேக் தானாக என்டிஎஃப்எஸ்ஸில் எழுதாது. அதனால் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துவிட்டு, இரண்டிலும் எழுதக்கூடிய, 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்தேன். லினக்ஸிலும் 5.4 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி), அதாவது 2019 முதல், இதற்கான ஆதரவு உள்ளேயே இருக்கிறது. ஒரே குறை, இதில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் கோப்பு கெட வாய்ப்பு அதிகம். ஆகவே இப்போதெல்லாம் உள் டிஸ்க்கில் இறக்கி, எஸ்எச்ஏ-256 (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் குறியீடு) சரிபார்த்த பிறகே எக்ஸ்டெர்னலுக்கு நகர்த்துகிறேன்.

மேனேஜர் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோப்பின் அளவை சர்வர் பெரும்பாலும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது, டிரைவ் எந்த வகை என்பதை விண்டோஸிடம் கேட்டால் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டு, ‘இந்த டிரைவில் 4 ஜிபிக்கு மேல் கோப்பு வைக்க முடியாது’ என்று இறக்கத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.